2023 டிசம்பர் 17 அன்னைக்குத் தாமிரபரணியில தூண்டில் போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

தக்கை

மார்கழி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை. ராத்திரி முழுக்கத் தூத்தல். தூத்தல்ல மீன் எப்படிக் கடிக்கும்னு இங்க யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல. காலையில ஆறரைக்கெல்லாம் திருநெல்வேலி கருப்பந்துறைக்குப் போயிட்டேன்.

நான் வழக்கமா உக்காருற பாறையில வேற ஆள் இருந்தாரு. கூட ஒரு பையன், எட்டு வயசு இருக்கும், கையில பெயிண்ட் டப்பா. கரையில இருந்து அந்தப் பாறைக்கு முழங்கால் தண்ணிதான், பேண்டைச் சுருட்டிக்கிட்டு நடந்தே போயிடலாம். நான் கரையிலயே உக்காந்தேன். அவங்க பக்கம் புழு விழுந்த உடனே தக்கை முங்குது, கெண்டையும் சிலேபியுமா ஏறுது. என் பக்கம் ஒண்ணும் இல்ல. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல்.

ஒம்பது மணி வாக்குல வீச்சுவலையோட ஒரு தாத்தா வந்தாரு. வலையை வீசவே இல்ல. ஒரு கை தண்ணியை அள்ளிப் பார்த்துட்டுக் கீழ விட்டாரு. "காட்டுச் சருகு வருதுடே. மேல ஓடையெல்லாம் பெருகிட்டு. எந்திரிச்சு வீட்டுக்குப் போ"ன்னாரு. குனிஞ்சு பார்த்தா, புழு டப்பா வச்சிருந்த கல்லே தண்ணிக்குள்ள கெடக்கு. டப்பாவைக் காணோம்.

தூண்டில் நரம்பைச் சுத்திக்கிட்டுக் கிளம்புனேன். அப்ப அந்தப் பையன் ஒரு கெண்டையைத் தூக்கிக் காட்டினான். எனக்குத்தான் காட்டினான். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். தாத்தா சொல்லுவாருன்னு விட்டுட்டேன். தாத்தா எனக்கு முன்னாலயே கரை ஏறிட்டாருங்கிறது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைச்சது. திரும்பிப் போயிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. போகல. 'என் பாறையில உக்காந்தாம்லா'ங்கிற அல்ப புத்தியும் அதுல இருந்துச்சு, மறைக்க விரும்பல.

மறுநாள் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிக் கெடந்த வீடியோ பார்த்தேன். கோயிலே தெரியலைன்னா அந்தப் பாறையை எங்க போய்த் தேட.

ஸ்ரீவை_கரை

நாங்க கீழ, ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டுக்குக் கீழ விராலுக்குக் காத்துக் கெடக்கிற கூட்டத்துல நானும் ஒரு ஆளு. அன்னைக்குப் போகல, மழை விட்டாத்தானே போறதுக்கு. சாயங்காலமே கரண்ட் போச்சு, பிறகு போனும் செத்துப் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டிலை விட்டுக் காலைக் கீழ வச்சா தண்ணி.

அம்மாவை மாடிக்கு ஏத்திட்டு ரேஷன் கார்டு எடுக்கத் திரும்பக் கீழ இறங்குனேன். அதுக்குள்ள இடுப்பு வரைக்கும் வந்துட்டு. ஃப்ரிட்ஜ் மல்லாக்க மிதக்குது. வாயில டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு பீரோவைத் துழாவுறேன், தொடையில எதுவோ வழுவழுன்னு உரசுச்சு. கெளுத்தி. இருபது வருஷமா மீன் புடிக்கிறவன், வாயைத் திறந்து ஓன்னு கத்திட்டேன். டார்ச் தண்ணிக்குள்ள போச்சு. ஒரே இருட்டு. அந்த இருட்டுல மீன் மறுபடியும் வந்து இடிக்குது. கார்டு கிடைக்கல.

மாடியில பக்கத்து வீட்டு ஆச்சி, "மீன் புடிக்கவன் வீட்டுக்கு மீனு விருந்து வந்திருக்கு, வெரட்டாதடே"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சோம். அந்த மழையில எப்படித்தான் சிரிப்பு வந்துச்சோ.

அந்த நேரமே எங்க ஸ்டேஷன்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பேரோட நின்னுக்கிட்டு இருந்ததும், அங்க பக்கத்து ஊர்க்காரங்க சமைச்சுப் போட்டதும் எல்லாம் பிறகுதான் தெரியும். எங்களுக்கு எங்க தெருவே தெரியல.

தண்ணி வடிஞ்ச பிறகு தெருக்குழியில எல்லாம் மீன். பையனுவ சாக்கு சாக்கா அள்ளுனானுவ. எனக்குக் கெளுத்தி இன்னும் இறங்க மாட்டேங்குது.

நேர்ப்பேச்சு

தாத்தா, காட்டுச் சருகு, எல்லாம் கதைக்கு நல்லாத்தான் இருக்கு. நடந்தது அது இல்ல. அணையைத் திறந்தாங்க, ஊரு முங்கிச்சு. 1992 நவம்பர்லயும் இதேதான். தண்ணியைக் கையில அள்ளிப் பார்த்தா அணை திறந்தது தெரியுமா?

மழைக்கணக்கு

நேர்ப்பேச்சு அண்ணே, பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூணுலயும் தண்ணி வந்தது உண்மை, அதை யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா 18ஆம் தேதி காலை வரைக்குமான 24 மணி நேரக் கணக்கைப் பாருங்க. காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. மூணுமே அணைகளுக்கு எத்தனையோ மைல் கீழ. காயல்பட்டினத்துக்குள்ள ஆறே கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு வருஷம் பூரா பெய்யுறதை விட அந்த ஊர்ல ஒரே நாள்ல கூடப் பெஞ்சிருக்கு. அதுவும் பேர் வச்ச புயல்ல இல்ல, குமரிக்கடல் பக்கம் நின்ன வெறும் காத்துச் சுழற்சியில.

இன்னொண்ணு, சித்தாறு சீவலப்பேரியில வந்துதான் தாமிரபரணியில சேருது. பாபநாசத்தைப் பூட்டுப் போட்டுப் பூட்டினாலும் அந்தத் தண்ணி நிக்காது. உடைஞ்ச குளம் எத்தனை, நிரம்பி வழிஞ்ச குளம் எத்தனை. எல்லாம் ஒரே நேரத்துல ஆத்துக்குள்ள வந்தா ஆறு என்ன செய்யும்?

என் அனுபவம்னா, கொக்கிரகுளத்துல சுலோச்சன முதலியார் பாலத்துல நின்னு பார்த்தேன், போலீஸ் விரட்டிவிட்டாங்க. அவ்வளவுதான். கீழ போன தண்ணியோட சத்தம் மட்டும் இப்பவும் காதுல இருக்கு.

நேர்ப்பேச்சு

கணக்கு சரிதான் தம்பி. எனக்கு வேண்டியது கணக்கு இல்ல.

எங்க சித்தப்பா ஏரல் பக்கம் வாழை போட்டிருந்தாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் போட்டு, "ஆறு சத்தம் ஒரு மாதிரி கேக்குடே, மாட்டை அவுத்து மேட்டுக்குக் கொண்டு போகவா"ன்னு கேட்டாரு. நான் சென்னையில உக்காந்துக்கிட்டு செல்லுல தேடிப் பார்த்துட்டு, "அணை திறந்ததா ஒண்ணும் போடல, படுங்க"ன்னுட்டேன். மோட்டார் ரூம் மாடியில ரெண்டு ராத்திரி கெடந்தாரு. நான் புறப்பட்டு வந்தா ஏரல் பாலத்துக்கிட்ட ரோட்டையே ஆறு அறுத்துக்கிட்டுப் போயிருக்கு. அந்தக் கரையில அவரு, இந்தக் கரையில நான்.

மாடு மூணும் போச்சு. கட்டுத்தறியிலயே.

அவரு இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல.

வலைக்கார_அண்ணாச்சி

நான் அன்னைக்குச் சுத்தமல்லிப் பக்கம் வலை வீசப் போனேன். ரெண்டு வீச்சு வீசுனேன், சருகும் அமலைச்செடியும்தான் வந்துச்சு, வீட்டுக்கு வந்துட்டேன். என் கதை இம்புட்டுத்தான். ஆனா தம்பிமாருக்குச் சிலது சொல்லணும்.

வீச்சுவலைக் கயித்தைக் கையில முடிச்சுப் போட்டுக் கட்டாதீங்க. பாதிப் பேரு மணிக்கட்டுல கட்டிக்கிட்டுத்தான் வீசுறீங்க, நான் பார்த்திருக்கேன். வெள்ளத்துல ஒரு மரம் வந்து வலையில மாட்டினா வலை போகாது, நீங்க போவீங்க. கயித்தைச் சும்மா கையில புடிச்சுக்கிட்டா உதறிவிட்டுடலாம். வலை போனாப் போகட்டும், ஒரு வலைக்கு உசிரைக் கொடுக்க முடியுமா.

தண்ணி ஏறுதா இல்லையான்னு ஆத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கண்ணு ஏமாத்தும். கரையில ஒரு குச்சியை நட்டு வையுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருக்க குச்சியைப் பாருங்க. நுரையும் சருகும் நடு ஆத்துல திரண்டு ஓடுதுன்னா பெரும்பாலும் ஏறுற தண்ணி. வடியும்போது குப்பை கரைப்பக்கம் ஒதுங்க ஆரம்பிக்கும்.

ஏறுற தண்ணியில மீன் நல்லாக் கடிக்கும், அதுதான் ஆபத்தே. கரை மண்ணு கரைஞ்சு புழு பூச்சியெல்லாம் தண்ணிக்குள்ள வரும், மீனும் இழுப்புக்குப் பயந்து ஓரத்துக்கு ஒதுங்கும். நமக்கு யோகம் அடிச்ச மாதிரி இருக்கும். அன்னைக்கு மீன் விழுந்து விழுந்து கடிக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நினைச்சுக்கிடுங்க.

வெள்ளம் போன பிறகு பழைய இடம்னு நம்பி இறங்காதீங்க. முழங்கால் தண்ணி இருந்த இடத்துல ஆள் முங்குற குழி இருக்கும். மணல் அள்ளுன இடமா இருந்தா கேக்கவே வேண்டாம். கம்பை ஊனி ஊனிப் பார்த்துத்தான் போகணும். புள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா கரையோட நிறுத்துங்க. நடு ஆத்துப் பாறை எதுக்கு? கரையில கடிக்காத மீனா?

ஸ்ரீவை_கரை

அண்ணாச்சி, குச்சி நடுறதுக்கு எங்க வீட்டு ஹால்ல இடம் இல்ல.

புன்னை_முகம்

நாங்க புன்னைக்காயல், ஆறு கடல்ல சேருற இடம். உங்க எல்லாரோட பொருளும் எங்ககிட்டதான் வந்துச்சு. கதவு, சிலிண்டர், பாடப் புஸ்தகம், தாரோட வாழை வாழையா. கடல் ரொம்ப தூரத்துக்குச் செம்மண் நிறம். உப்புத்தண்ணியில ஆத்து மீன் வாயைப் பொளந்துக்கிட்டு வெள்ளையாக் கவுந்து கெடந்துச்சு, எடுக்கவே ஆள் இல்ல. ஒரு செத்த மாடு கழுத்துக் கயித்தோட ஒதுங்குச்சு. கயித்து முனையில முளைக்கம்பு அப்படியே இருந்துச்சு.

நேர்ப்பேச்சு அண்ணே, உங்களைச் சொல்லல. அப்படி எத்தனையோ வந்துச்சு.

மழைக்கணக்கு

தக்கை, அந்த அப்பாவும் பையனும் என்ன ஆனாங்கன்னு கேட்டுப் பார்த்தீங்களா?

தக்கை

கேட்டேன். பொங்கல் கழிஞ்சு தண்ணி இறங்கின பிறகு போனேன். மேல டீக்கடையில விசாரிச்சா, "அன்னைக்கு நம்ம பக்கம் யாரையும் ஆறு கொண்டு போகலை, கொண்டு போயிருந்தா எங்களுக்குத் தெரியாம இருக்குமா"ன்னாரு கடைக்காரரு. சரின்னுதான் பட்டுச்சு. தண்ணி பெருசா வந்ததும் மத்தியானத்துக்கு மேலதான். அவங்க கரை ஏற நேரம் இருந்திருக்கும். அந்தாளுக்கும் கண்ணு இருக்கு, தண்ணி ஏறுறது தெரிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் நானே எனக்கு நிறையத் தடவை சொல்லிக்கிட்டாச்சு. ஞாயித்துக்கிழமை போனா இப்பவும் முதல்ல எட்டு வயசுப் பையன் எவனாவது இருக்கானான்னுதான் பார்க்கேன். இப்பப் பத்து, பதினொண்ணு ஆகியிருக்கும், பார்த்தாலும் அடையாளம் தெரியாது.

பாறை அங்கனேயேதான் கெடக்கு. இடுக்குல மாட்டின சேலைத்துணி ரொம்ப நாளா ஆடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதுல யாரும் உக்காருறது இல்ல, காலியாத்தான் இருக்கு. நான் கரையிலயே உக்காந்துக்கிடுதேன்.

வலைக்கார_அண்ணாச்சி

கரையில எந்தப் பக்கம்? பாலத்துக்குக் கீழ்ப் பக்கம்னா அரிச்சுப் போய் உள்ள பொந்தாக் கெடக்கு, மேல மண்ணு நிக்கிறதை நம்பாதீங்க.