முனையக் கட்டளைகளை ஒழுங்குபடுத்த ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஜூரோங்கில் உள்ள ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். காப்புப் பிரதி எடுப்பதற்கும் பழைய லாக் கோப்புகளைச் சுருக்குவதற்குமான நீண்ட கட்டளைகளை, உபுண்டு லினக்ஸில் கன்ட்ரோல்-ஆர் அழுத்தி, பாஷ் (முனையத்தில் இடும் கட்டளைகளை இயக்கும் நிரல்) சேமித்துவைக்கும் கட்டளை வரலாற்றிலிருந்தே தேடி எடுத்துவந்தேன். ஆனால் இயல்பான அமைப்பில் அந்த வரலாற்றுக் கோப்பு 2000 வரிகளோடு நின்றுவிடுவதால், மாதம் ஒருமுறை மட்டுமே தேவைப்படும் கட்டளை ஒன்று சென்ற வாரம் காணாமற்போயிற்று.

இப்போது அனைத்தையும் 'மேக்' கருவி படித்து இயக்கும் மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன். 1976இல் நிரல்களைத் தொகுப்பதற்காக உருவான கருவி என்பதால், அது ஒவ்வொரு இலக்கையும் (கட்டளைத் தொகுப்புக்கு இடும் பெயர்) உருவாக்க வேண்டிய கோப்பாகவே கருதுகிறது; 'பேக்கப்' என்ற இலக்கின் பெயரிலேயே ஒரு கோப்புறை இருந்தால், அது ஏற்கெனவே புதுப்பித்த நிலையில் உள்ளது என்று கூறி மேக் ஒதுங்கிவிடுகிறது. அந்த இலக்கை 'ஃபோனி' (கோப்பைக் குறிக்காத பெயர்) என அறிவித்துச் சரிசெய்தேன். (டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடங்களை இட்டு அரைநாளை வீணாக்கியது தனிக்கதை.) இருப்பினும், சர்வரின் பெயரையும் தேதியையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுப்பது இன்னும் சிரமமாகவே உள்ளது.

இதேபோல் கட்டளைகளைப் பெயரிட்டுச் சேமித்து இயக்கும் 'ஜஸ்ட்' கருவி அவற்றை நேரடியாக ஏற்கும். ஆயினும் அதை ஒவ்வொரு சர்வரிலும் தனியே நிறுவ வேண்டும். சக ஊழியர்களின் மேக்புக்கிலோ பாஷின் பழைய பதிப்பான 3.2தான் உள்ளது; புதிய பாஷ் வசதிகள் அதில் இயங்கா. இத்தகைய சூழலில் ஜஸ்ட்டுக்கு மாறுவது தகுமா, அல்லது எல்லாவற்றையும் ஒரே ஷெல் ஸ்கிரிப்ட்டில் (பாஷ் இயக்கும் கட்டளைக் கோப்பு) துணைக்கட்டளைகளாக வைத்துக்கொள்வதே மேலா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.