டேபிள் சா: ஒல்லியான பட்டை வெட்டும்போது கார்டு குறுக்கே நிற்கிறது, கழற்றினால் தூசி முகத்துக்கு வருகிறது

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது 10 அங்குல பிளேடு போட்ட டேபிள் சா, மேசை நடுவில் வட்ட ரம்பம் சுழலும் மரம் வெட்டும் இயந்திரம். அடியில் கேபினெட்டுக்கு 4 அங்குலக் குழாய், மேலே பிளேடை மூடும் கார்டிலிருந்து சின்ன ஹோஸ், இரண்டும் ஒரே டஸ்ட் கலெக்டருக்குப் போகின்றன. அகலமான பலகை வெட்டினால் தூசித் தொல்லையே இல்லை. 20 மி.மீ. பட்டை வெட்டினால்தான் சிக்கல், கார்டுக்கும் ஃபென்ஸுக்கும் (மரத்தை ஒட்டி நகர்த்தும் சட்டம்) நடுவில் புஷ் ஸ்டிக் (மரத்தைத் தள்ளும் குச்சி) நுழைய இடமில்லாமல் கடைசி ஒரு சாண் தூரத்தில் பட்டை ஆட ஆரம்பிக்கிறது. கார்டைக் கழற்றினால் பிடி கிடைக்கிறது, ஆனால் தூசி நேராக முகத்தில் அடிக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது?

பதில்:
விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் தூசியை விடுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த நிலைமையே வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஒல்லியான பட்டையை ஏன் ஃபென்ஸ் பக்கம் வைக்கிறீர்கள்? அகலமான பலகை ஃபென்ஸை ஒட்டி இருக்கட்டும், பட்டை பிளேடின் இடப்பக்கம் விழட்டும். கைக்கு இடம் கிடைக்கும், கார்டும் ஹோஸும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஃபென்ஸை நகர்த்த வேண்டியிருக்கும், அளவு மாறாமல் இருக்க இடப்பக்கம் ஒரு ஸ்டாப், அதாவது பலகை விளிம்பு வந்து முட்டும் தடுப்பு, பொருத்துங்கள். அந்த ஸ்டாப் பிளேடுக்கு முன்னாலேயே, அதாவது நீங்கள் நிற்கும் பக்கத்தில், முடிந்துவிட வேண்டும். பிளேடுக்கு நேராக வந்தால் பட்டை நடுவில் நெருக்கப்பட்டு உங்களை நோக்கிப் பாயும்.
அப்புறம், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரைவிங் நைஃபை, அதாவது பிளேடுக்குப் பின்னால் வெட்டு மூடிக்கொள்ளாமல் பிடிக்கும் தகட்டை, கழற்றவே கழற்றாதீர்கள்.

இன்னொரு பதில்:
வாக்குவம் ஹோஸ் முனையை ஃபென்ஸில் காந்தம் வைத்து ஒட்டி, பிளேடு பக்கம் திருப்பிவிட்டால் போதுமே?

பதில்:
வேண்டாம். புஷ் பிளாக் போகும் பாதையில் எதுவும் இருக்கக்கூடாது. மரம் போகும்போது ஹோஸில் இடித்தால் ஃபென்ஸை விட்டு விலகும், பிளேடு மரத்தை உங்கள் பக்கம் எறியும் கிக்பேக் அங்கேதான் தொடங்குகிறது. கார்டு ஹோஸைக்கூட மேலே கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் அதன் கனம் கார்டைச் சாய்த்து மரத்தில் உரச வைக்கும்.

கேட்டவர்:
இடப்பக்கம் விழவிட்டதில் நல்ல வித்தியாசம், நன்றி. ஆனால் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) விளிம்பை 1 மி.மீ. சீவும்போது, கார்டு இருந்தும் தூசி தெறிக்கிறது. உறிஞ்சும் வேகம் போதவில்லையா?

பதில்:
வேகத்தைக் குறை சொல்ல முடியாது. முழு வெட்டில் பல்லுக்கு இரண்டு பக்கமும் மரம் சுவர் மாதிரி நிற்கிறது, தூள் பல் இடுக்கிலேயே அடைபட்டு கீழே இறங்கி கேபினெட்டுக்குள் போய்விடும். 1 மி.மீ. சீவும்போது ஒரு பக்கச் சுவரே இல்லை, பிளேடின் தடிமனில் பாதிக்கு மேல் வெறும் காற்றில் சுற்றுகிறது, தூள் பக்கவாட்டில் தப்பித்து உங்களை நோக்கி வருகிறது. அதனால் பலகையை முதலிலேயே 6, 7 மி.மீ. கூடுதலாக வைத்து, பிளேடு முழுசாக மரத்துக்குள் ஓடும்படி ஒரே வெட்டில் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் பலகை வீணாகும், ஆகட்டும். 1995-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, எம்.டி.எஃப் தூள் வேறு மிக நைசு, அதனால் மாஸ்க் எப்போதும் முகத்தில் இருக்கட்டும்.
விழும் அந்த மெல்லிய துண்டு பிளேடு பக்கத்து இடைவெளியில் சொருகிக்கொள்ளும், பிளேடைச் சுற்றி இடைவெளியே விடாத ஜீரோ கிளியரன்ஸ் தட்டு போடுங்கள். பிளேடு நிற்கும்வரை துண்டைத் தொடாதீர்கள்.

கேட்டவர்:
அந்தத் தட்டு போட்டால் காற்று உள்ளே போகும் வழி அடைபடாதா?

பதில்:
அடைபடும், சரியாகப் பிடித்தீர்கள். காற்று உள்ளே வந்தால்தான் தூளை இழுத்துக்கொண்டு போகும். தட்டில் பிளேடுக்கு இடப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் போடுங்கள், துண்டு எதுவும் சிக்காத அளவுக்கு. கேபினெட் பின்பக்கத்தில் எங்காவது பெரிய ஓட்டை இருந்தால் அதை மூடிவிடுங்கள், அப்போது துளைகள் வழியாகவே இழுக்கும்.