புட்டி (PuTTY) மென்பொருளில் பேக்ஸ்பேஸும் எண் விசைகளும் தவறாக இயங்குவது ஏன்?

அம்பத்தூர்க் கணக்கர் (கேள்வி):

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வாரத்தில் இரண்டு நாள் நங்கநல்லூர் வீட்டிலிருந்து தொலைவிலுள்ள சர்வரின் கட்டளைச் சாளரத்தைத் திறக்கும் புட்டி மென்பொருள் மூலம், எஸ்எஸ்எச் (SSH) என்ற பாதுகாப்பான இணைப்பு முறை வழியாக, அலுவலக லினக்ஸ் சர்வரில் நுழைகிறேன். கட்டளைகளை ஏற்று இயக்கும் பாஷ் (bash) நிரலின் கட்டளை வரியில் பேக்ஸ்பேஸ் ஒழுங்காக அழிக்கிறது. அதே சாளரத்தில் தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்க்யூஎல் பிளஸைத் திறந்து தட்டினால், எழுத்து அழிவதற்குப் பதிலாக ^? என்ற குறி வந்து விழுகிறது. என் சொந்தப் பயனர் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. பிரிவினர் அனைவரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கில் மட்டுமே வருகிறது. இதைத் தவிர, விம் (Vim) என்ற உரைத் திருத்தியில் தொகைகளைத் தட்டுவதற்காக விசைப்பலகையின் வலப்புற எண் விசைகளை அழுத்தினால், எண்ணுக்குப் பதிலாகப் புதிய வரி திறந்து ஏதோ ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. எதை மாற்ற வேண்டும்?

தரமணி நிரலர்:

புட்டி அமைப்புகளில் டெர்மினல் என்பதன் கீழுள்ள கீபோர்டு பக்கத்தில், பேக்ஸ்பேஸ் விசைக்கு ‘கண்ட்ரோல்-எச்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

பழைய யுனிக்ஸ்காரர்:

மேலே சொன்ன மாற்றத்தால் குறி மறையும். ஆனால் கோளாறு இருக்கும் இடம் புட்டி அல்ல என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேக்ஸ்பேஸை அழுத்தும்போது டெர்மினல் மென்பொருள் (புட்டி போன்ற கட்டளைச் சாளரம்) ஒரே ஒரு எண்ணைத்தான் அனுப்புகிறது: சிலவற்றில் 8, அதாவது கண்ட்ரோல்-எச், சிலவற்றில் 127, திரையில் ^? என்று தெரிவது. புட்டியின் இயல்பிருப்பு 127. எந்த எண் வந்தால் அழிக்க வேண்டும் என்பதைச் சர்வர் பக்கத்து டெர்மினல் அமைப்பு முடிவு செய்கிறது. காகிதத்தில் அச்சடித்த டெலிடைப் காலத்தில் அழிப்பதற்கு # குறியையும், முழு வரியையும் தள்ளுவதற்கு @ குறியையும் யுனிக்ஸ் வைத்திருந்தது என்றால், இது எவ்வளவு பழைய வழக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஷ் தன் வரியைத் தானே திருத்திக்கொள்வதாலும், 8, 127 இரண்டையும் அழிப்பாக ஏற்பதாலும் அங்கே குறை தெரிவதில்லை. எஸ்க்யூஎல் பிளஸ் அந்த வேலையைச் சர்வரின் டெர்மினல் அமைப்பிடமே விட்டுவிடுவதால், பொருந்தாமை அங்கேதான் வெளிப்படுகிறது. எஸ்எஸ்எச் இணைப்பு தொடங்கும்போதே புட்டி தன் பேக்ஸ்பேஸ் எந்த எண் என்பதைச் சர்வருக்குத் தெரிவித்துவிடும். ஆகவே, பொதுக் கணக்கில் மட்டும் கோளாறு என்றால், நுழைந்த பிறகு வேறு ஏதோ ஒன்று அதை மாற்றுகிறது. டெர்மினல் அமைப்புகளைக் காட்டும் ‘எஸ்டிடிஒய் -ஏ’ (stty -a) கட்டளையை இரு கணக்குகளிலும் இயக்கி, ‘இரேஸ்’ (erase) என்ற சொல்லுக்கு எதிரே இருப்பதை ஒப்பிடுங்கள். நுழையும்போது தானாக இயங்கும், பொதுக் கணக்கின் புரொஃபைல் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

புட்டியைக் கண்ட்ரோல்-எச்சுக்கு மாற்றினால் ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தியில் அழிக்கப் போகும்போதெல்லாம் உதவிப் பக்கம் திறக்கும் என்பதும் கவனத்துக்கு.

அம்பத்தூர்க் கணக்கர்:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் ஊகித்தபடியே, புரொஃபைல் கோப்பில் அழிப்பு விசையைக் கண்ட்ரோல்-எச்சாக மாற்றும் ஒரு வரி இருந்தது. எங்களுக்கு முன் இருந்தவர் எழுதியதாக இருக்க வேண்டும். அதை முடக்கிவிட்டு மறுபடி நுழைந்தேன். எஸ்க்யூஎல் பிளஸில் இப்போது ஒழுங்காக அழிகிறது. எண் விசைகள் மட்டும் அப்படியே உள்ளன.

பழைய யுனிக்ஸ்காரர்:

அந்த வரி யாருக்காவது தேவைப்பட்டால், உள்ளீடு உண்மையிலேயே டெர்மினல்தானா என்று சோதித்த பிறகு மட்டும் இயங்கும்படி எழுதச் சொல்லுங்கள். இல்லையேல், டெர்மினல் இல்லாமல் அந்தக் கோப்பைப் படிக்கும் தானியங்கி வேலைகளில் அது வீணான பிழைச் செய்தியைத் தரும்.

எண் விசைகளின் கதை வேறு. விம் தொடங்கும்போது ‘அப்ளிகேஷன் கீபேட்’ என்ற நிலையை இயக்குகிறது. அந்த நிலையில் 1 என்ற விசை எண்ணாகப் போகாமல், எஸ்கேப், பெரிய ஓ, சிறிய க்யூ ஆகிய மூன்று குறிகளாகப் போகிறது. எஸ்கேப் வந்ததும் விம் தட்டச்சு நிலையை விட்டு வெளியேறுகிறது, பெரிய ஓ மேலே புதிய வரியைத் திறக்கிறது, க்யூ அங்கே எழுத்தாக விழுகிறது. புட்டியில் டெர்மினலின் கீழுள்ள ஃபீச்சர்ஸ் பக்கத்தில் இந்த நிலையை முடக்கும் பெட்டியைக் குறியிட்டால் போதும். சர்வரில் எதையும் தொட வேண்டியதில்லை.

மயிலைத் தமிழ்த்தட்டர்:

மாற்றியதைச் செஷன் பக்கத்தில் அதே பெயரில் சேமிக்க மறவாதீர்கள். திறந்திருக்கும் சாளரத்தில் மட்டும் மாற்றினால் அது அந்தச் சாளரத்தோடு போய்விடும். எஃப்1 முதல் எஃப்4 வரையிலான விசைகள் ஏதேனும் மென்பொருளில் எடுபடாவிட்டால், கீபோர்டு பக்கத்திலேயே ‘எக்ஸ்டெர்ம் ஆர்6’ வகையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் தட்டுவீர்கள் என்றால் இன்னொன்று. ‘கி’ என்பது யுனிகோடில் க, இகரக் குறி என இரண்டு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். டெர்மினலில், உள்ளீடு யுடிஎஃப்-8 முறையில் வருகிறது என்று குறிக்கும் ‘ஐயுடிஎஃப்8’ என்ற அமைப்பு இயங்காவிட்டால், ஒருமுறை பேக்ஸ்பேஸை அழுத்தினால் ஒரு பைட் மட்டுமே போய், அரைகுறை எழுத்து தரவுத்தளத்துக்குச் சென்றுவிடும். எஸ்எஸ்எச் வழியே இந்த அமைப்பைச் சர்வருக்குச் சொல்லும் முறை 2017-இல்தான் ஆர்எஃப்சி 8160 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. எனவே மிகப் பழைய புட்டிப் பதிப்பில் அதை எதிர்பார்க்க முடியாது.

அம்பத்தூர்க் கணக்கர்:

எண் விசைகளும் சரியாகிவிட்டன, செஷனையும் சேமித்துவிட்டேன். வீட்டுக் கணினியில் உள்ள புட்டி 2014-இல் நிறுவியது. இன்றிரவே புதிய பதிப்பை நிறுவிவிட்டு, தமிழ்ப் பெயர்களை அழித்துப் பார்க்கிறேன்.