மறுமொழி: பிரேக் விடாமல் நிற்கும் பழுதுக்கு ‘விடாப்பிடி’

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை அழுத்தி வண்டியை நிறுத்தும் உராய்வுக் கட்டை) வழமையைவிடச் சீக்கிரம் தேய்ந்துபோவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையில், இதுவரை வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். எல்லாமே தேய்வுக்கு வைத்த பெயர்கள். தேய்வு கடைசியில் கண்ணில் படுவது. அதற்கு முன்னால் நடக்கும் பழுதுக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை என்று நினைக்கிறேன். அதைப் பற்றியே இந்த மடல்.

முதலில், கேட்ட கேள்விக்குச் சுருக்கமாக என் விடை.

> ‘அதிவேகத் தேய்மானம்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

வேகமாக ஓடியதால் வந்த தேய்மானம் என்றுதான் என் மாணவர்கள் அதைப் படிப்பார்கள். இலங்கையில் ‘அதிவேகப் பாதை’ அன்றாடச் சொல்லாகிவிட்டது. ‘விரைவுத் தேய்வு’ போதும். தேய்மானமா தேய்வா என்ற சண்டையும் வேண்டாம்: தமிழகத்தில் கணக்கியலார் ‘தேய்மானம்’ என்பதை நாங்கள் இங்கே ‘பெறுமானத் தேய்வு’ என்று படித்தோம். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு கரையில் கணக்குப் புத்தகத்தோடு முட்டும்.

இனி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து, படிப்பிக்கும் இடமான காரைதீவுக்குத் தினமும் காரில் போய்வருகிறேன். ஏ4 வீதி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகத் தட்டையாகக் கிடக்கும் நிலம். மாடு குறுக்கே வந்தால் ஒழிய ஓங்கி மிதிக்க வேண்டிய இடம் குறைவு. கண்டியில் இருந்து மகியங்கனைக்குப் பதினெட்டு வளைவு இறங்கி வருகிறவர்களின் பேட் கரைந்தால் அதில் வியப்பில்லை. நான் அந்தப் பக்கம் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்படியிருந்தும் முன் பேட்டுகள் 14,000 கிலோமீற்றரில் முடிந்தன. புதிதாகப் போட்டவை 9,000இல் முடிந்தன. வழமையாகப் போகும் கராஜில் “உங்கள் கால் பிரேக்கிலேயே கிடக்கிறது, சேர்” என்று சொல்லி மூன்றாவது சோடியைப் பூட்டிவிட்டார்கள். அதை நம்பி மூன்று மாதம் பயந்து பயந்து ஓட்டினேன். அந்தச் சோடியும் அதே கதியில் கரைந்தது.

பிறகு மருதமுனையில் வாகனம் திருத்தும் ஒரு காக்காவிடம் (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) கொண்டுபோனேன். அவர் உடனே சில்லை (சக்கரத்தை) கழற்றவில்லை. வண்டி வந்து நின்ற சூட்டோடு நான்கு சில்லுக்கும் கிட்டே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். முன் இடது சில்லுக்குக் கிட்டப் போன கை உடனே திரும்பி வந்தது. ஜக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, வலது சில்லைக் கையால் சுற்றிவிட்டார். மெல்லிய உரசல் சத்தத்தோடு ஒரு சுற்றுக்கு மேலே போய் நின்றது. இடது சில்லு, கையை எடுத்த இடத்திலேயே நின்றது. அப்போதுதான் வாய் திறந்தார்: “தம்பி, பிரேக் என்றால் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். இது பிடிக்கிறது, விடவில்லை.”

கழற்றிப் பார்த்தால், உட்பக்கப் பேட் ஒரு நுனியில் 2 மில்லிமீற்றரும் மறு நுனியில் 5 மில்லிமீற்றரும் இருந்தது. புதுப் பேட்டின் உராயும் பகுதி பொதுவாக 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பேட்டுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் கலிப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்வதற்காக இரண்டு பின்கள் (pin) உண்டு. மேலே உள்ள பின் விரலால் இழுத்தவுடன் வந்தது. கீழே உள்ளதைக் குறட்டால் பிடித்து முறுக்கி முறுக்கித்தான் எடுக்க முடிந்தது. நடுவில் கறள் (துரு). நுனியில் இருந்த இறப்பர் உறை ஊறிய கடலைபோல் பருத்திருந்தது. முன்பு பேட் மாற்றியவர்கள் சாதாரணக் கிறீஸைப் பூசியிருக்கிறார்கள். கனிய எண்ணெயில் செய்த கிறீஸ் அந்த வகை இறப்பரை ஊத வைக்கும். அங்கே சிலிக்கோன் கிறீஸ்தான் போட வேண்டும். கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது. பின்னையும் உறையையும் மாற்றி, சரியான கிறீஸ் பூசி, புதுப் பேட் பூட்டினார். அதன் பிறகு இரண்டு முன் சில்லும் ஒரே சூட்டில் ஓடுகின்றன.

ஒரே சில்லுதான். ஒருவர் ‘தேய்ந்துவிட்டது’ என்றார், பேட்டை மாற்றினார். மற்றவர் ‘விடவில்லை’ என்றார், பின்னைக் கழற்றினார். பாடக்குறிப்பில் எந்தச் சொல்லை வைக்கிறோமோ அந்த இடத்தில்தான் நாளைக்கு என் மாணவனின் கை போகும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

காக்கா சொன்ன ‘பிடி’, ‘விடு’ இரண்டையும் வைத்து என் முன்மொழிவு: விடாப்பிடி. மிதியில் இருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பழுது.

டிஸ்க் பிரேக்கின் உள்ளே பார்த்தாலும் இந்தச் சொல் பொருந்துகிறது. மிதித்தால் முசலம் பேட்டைத் தள்ளுகிறது. (தமிழக நண்பர்கள் உந்துதண்டு என்பதை எங்கள் பாடநூலில் முசலம் என்று படித்தோம், உலக்கை என்று பொருள்.) காலை எடுத்தால் அதைப் பின்னுக்கு இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் இல்லை. முசலத்தைச் சுற்றிச் சதுர வெட்டுமுகம் உள்ள ஓர் இறப்பர் வளையம் இருக்கிறது. முசலம் முன்னே போகும்போது அந்த வளையம் சற்று முறுகும். அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, முசலத்தையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துக்கொள்ளும். அந்த மயிரிழைதான் ‘விடுதல்’. முசலத்தில் கறள் ஏறினாலும், வளையம் மரத்துப்போனாலும், கலிப்பரின் பின் இறுகினாலும் கெடுவது அந்த விடுதலே.

இப்போது மற்றச் சொற்களுக்கு வருகிறேன்.

> ‘பிரேக் இழுவை’ நேரடியாக இருக்கிறது.

நேரடி என்பதுதான் எனக்கு இடைஞ்சல். கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று ஓட்டுநர் சொல்வது வேறோர் அறிகுறி. இந்தப் பழுதோடு அது வரலாம், வராமலும் போகலாம். ‘இழுவை’ என்று எழுதினால் மாணவன் ஸ்டியரிங்கைப் பார்ப்பான். காற்றின் எதிர்ப்புக்கும் இயற்பியலில் இழுவை என்கிறோம். போதாதா?

> ‘எச்சத்தடை’ எப்படி?

நல்ல சொல். ஆனால் அதைப் பழுதுக்குச் செலவழிக்கக் கூடாது. சுகமாக இருக்கும் டிஸ்க் பிரேக்கிலும் பேட் டிஸ்க்கை மெல்லத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். என் வலது சில்லில் கேட்ட மெல்லிய உரசல் அதுதான். அந்த இயல்பான தொடுகைக்கு எச்சத்தடை என்று வைப்போம். அது அளவு மீறினால் விடாப்பிடி. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால், உரசல் கேட்டவுடனே கலிப்பரை மாற்றச் சொல்லும் அவசரமும் குறையும்.

> ‘உடும்புப்பிடி’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் பிழையாகப் புரியும். உடும்புப்பிடி வலிமையைச் சொல்கிறது. இங்கே பிடி வலிமையாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டுநருக்கே தெரியாத அளவு மெல்லிய பிடி, நாள் முழுக்க விடாமல் இருப்பதால்தான் பேட் கரைகிறது. விடாப்பிடி என்பது பிடியின் பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விடவில்லை என்பதை மட்டும் சொல்கிறது.

‘விடாப்பிடியாக முயன்றான்’ என்று பாராட்டுக்கு வழங்கும் சொல்லைப் பழுதுக்கு வைக்கலாமா என்று கேட்பீர்கள். பாராட்டு ‘முயன்றான்’ என்பதில் இருக்கிறது. விடாப்பிடியாக மறுத்தான் என்றும் சொல்கிறோமே. சொல்லின் அமைப்பிலும் குறையில்லை: வாடாமலர், ஓயாமழை போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

இந்தச் சொல் அடைமொழியையும் ஏற்கிறது. சில்லைத் தூக்கிச் சுற்றி, இறுக்கம் தெரிந்தால், கலிப்பரில் காற்று எடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பிரேக் ஒயில் கொஞ்சம் வெளியேறியவுடன் சில்லு இலகுவாகச் சுற்றினால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. வளைகுழாய் உட்புறம் சிதைந்திருக்கலாம், அல்லது மேலே பிரதான உருளையில் பழுது இருக்கலாம். அது ‘அழுத்த விடாப்பிடி’. திருகைத் தளர்த்திய பிறகும் சில்லு இறுகியே நின்றால் பழுது முசலத்தில், அல்லது கலிப்பரின் பின்னில். அது ‘பொறி விடாப்பிடி’. இந்த இரண்டு பெயர்களையும் படித்தவனுக்கு அடுத்து எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும்.

பேட்டின் செலவு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். விடாப்பிடி கண்ட சில்லில் சூடு ஏறிக்கொண்டே போகும். டொட் 4 வகைப் பிரேக் ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் என்று வரையறுத்திருக்கிறார்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நீர் ஏறிய நிலைக்கு வரையறை 155 பாகைதான். ஒயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. வாவிக்கரையில் ஈரத்துக்கா குறைவு?

பேட், டிஸ்க், கலிப்பர் என்ற பெயர்களை மாற்றச் சொல்லி நான் வரவில்லை. கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் சாமான் கிடைக்கும். பழுதின் பெயரைக் கடையில் கொடுத்து வாங்கப்போவதில்லை. அது நாம் யோசிப்பதற்கு வேண்டும். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் காரைதீவு. அந்த ஊரில் நின்றுகொண்டு, இந்தப் பழுதின் ஆங்கிலப் பெயரான ‘டிராகிங்’ (dragging) என்பதைக் கரும்பலகையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. பேட் ஒரு நுனியில் மெலிந்து மறு நுனியில் தடித்திருக்கும் தேய்வுக்கு, மரவேலையில் இருந்து எடுத்து ‘ஆப்புத் தேய்வு’ என்று குறித்திருக்கிறேன். ‘சாய்தேய்வு’ என்று ஒரு மாணவி சொன்னாள். அதுவும் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. எதை வைக்கலாம் என்று எழுதுங்கள். பாடக்குறிப்பை இம்மாதக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
கல்லடியில் இருந்து