12 லட்சம் பேர் பேசிய மொழியில் 90,000 உறுப்பினர்கள்: மொஹோரியேவா பதிப்பகம் வளர்ந்தது எப்படி?

கேள்வி: ஏடுதேடி

ஐரோப்பாவின் சிறிய மொழிகளில் பதிப்புத்தொழில் வளர்ந்த வரலாற்றைப் படித்துவருகிறேன். அதில் ஸ்லோவேனியர்களின் மொஹோரியேவா சங்கம் பற்றிய ஒரு தகவல் எனக்குப் புதிராக இருக்கிறது. இன்று ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபூர்ட் என்று அறியப்படும் ட்செலோவெட்ஸ் நகரில் 1851இல் தொடங்கப்பட்ட இந்தப் பதிப்பகம், 1918 வாக்கில் ஏறத்தாழ 90,000 உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. அன்று ஸ்லோவேனிய மொழியைப் பேசியவர்கள் மொத்தமே 12 அல்லது 13 லட்சம் பேர்தாம். அவர்களுக்கென்று ஓர் அரசு இல்லை. தாய்மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகமும் இல்லை. பெரும்பாலோர் உழவர்கள். பள்ளிப் பாடநூல்களுக்கான அரசு ஆணைகளால் இவ்வளர்ச்சி வந்ததா, திருச்சபையின் பணத்தால் வந்ததா, அல்லது வேறு காரணம் உண்டா?

பதில்: கல்லச்சு

அரசு ஆணை எதுவும் காரணமில்லை. சொல்லப்போனால், தொடக்கத்தில் அரசு குறுக்கேதான் நின்றது. இதன் மூலவரான அன்டோன் மார்ட்டின் ஸ்லோம்ஷெக், ஸ்லோவேனிய நூல்களை வெளியிட ஒரு சங்கம் வேண்டும் என்று 1845இலேயே முயன்றார். வியன்னாவிலிருந்த ஆஸ்திரியப் பேரரசின் அரசு அதற்கு இசையவில்லை. 1848 புரட்சிக்குப் பின் சூழல் மாறியது. அப்போது லாவன்ட் மறைமாவட்ட ஆயராக இருந்த அவர், இலக்கண ஆசிரியர் அன்டோன் யானெஷிச், பாதிரியாரும் அரசியலாளருமான அன்ட்ரேய் ஐன்ஷ்பீலர் ஆகியோருடன் சேர்ந்து சங்கத்தை நிறுவினார்.

முதல் பத்தாண்டுகள் மிகவும் மந்தமானவை. திருப்பம் 1860இல் வந்தது. அவ்வாண்டு சங்கம் தன்னைத் திருச்சபைசார் பக்திச் சபையாக மாற்றிக்கொண்டது. இதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. அரசியல் ஐயத்தோடு சங்கங்களைக் கண்காணித்த அதிகாரிகளின் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு பங்கின் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின்) குருவும் பதிப்பகத்தின் முகவராக ஆனார். புத்தகக் கடையே இல்லாத மலைக் கிராமத்திலும் ஆலயம் இருந்தது அல்லவா? குரு ஆண்டுச் சந்தாவை வசூலித்து அனுப்புவார். புத்தகக் கட்டுகள் அவர் வழியாகவே ஊருக்கு வந்து சேரும்.

சந்தா ஆண்டுக்கு ஒரு கில்டன் நாணயம். அதற்கு ஈடாக வழக்கமாக ஆறு நூல்கள் வரை கிடைத்தன: ஒரு பஞ்சாங்க மலர், ஒரு பக்தி நூல், கதைத்தொகுதி, பிறகு உழவு, கால்நடை, இயற்கை, வரலாறு போன்றவற்றைப் பற்றிய நூல்கள். பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால், எத்தனை படிகள் அச்சிட வேண்டும் என்பது அச்சேறும் முன்பே தெரியும். விற்காத படிகள் கிடங்கில் தேங்குவதில்லை. உறுப்பினர் பெருகப் பெருக ஒரு படியின் அடக்கவிலை குறைந்தது, அதே சந்தாவுக்குக் கூடுதல் பக்கங்களைத் தர முடிந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பஞ்சாங்க மலரில் உறுப்பினர்களின் பெயர்கள் பங்குவாரியாக அச்சிடப்பட்டன. அண்டை வீட்டார் பெயர் அச்சில் இருக்க, தன் பெயர் இல்லாமல் போவதை எந்தக் குடும்பம்தான் விரும்பும்? இதைவிடக் கூர்மையான விளம்பர உத்தியை அக்காலப் பதிப்பாளர் வேறு எவரும் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பதில்: மேற்குக்காற்று

கல்லச்சு அவர்கள் விநியோக முறையை நன்கு விளக்கினார். ஆனால் 90,000 உறுப்பினர்கள் என்பதை 90,000 வாசகர்கள் என்று அப்படியே கொள்ளக் கூடாது. பக்திச் சபையில் சேர்வதே ஒரு புண்ணியச் செயலாகக் கருதப்பட்ட காலம் அது. பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்த நூல்களும் இருந்திருக்கும். மறுபுறம், ஒரு படியை வீடு முழுவதும் படித்திருக்கவும் கூடும்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் விடுபட்டுவிட்டது. 1869ஆம் ஆண்டின் ஆஸ்திரியப் பள்ளிச் சட்டம் எட்டு ஆண்டுக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தது. பள்ளி எழுத்தறிவைத் தந்தது. பள்ளியை விட்டபின் படிப்பதற்கான நூல்களை மொஹோரியேவா தந்தது. எனவே, இதைப் பாடநூல் நிறுவனம் என்பதைவிட வெகுமக்கள் கல்வி நிறுவனம் என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ஃபிரான் எர்யாவெட்ஸ் 1868 முதல் பகுதி பகுதியாக எழுதிய படங்களுடன் கூடிய விலங்கு நூல் இதற்கு நல்ல சான்று. உழவர் வீடுகளுக்குள் விலங்கியல் நுழைந்தது இவ்வழியில்தான்.

பதில்: எல்லைக்கல்

1918க்குப் பிந்தைய கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியபின் எல்லைகள் இந்த உறுப்பினர்களின் நடுவே ஓடின. கிளாகன்ஃபூர்ட் அமைந்த கரிந்தியாவில் எல்லைச் சண்டை மூண்டதால் 1919இல் பதிப்பகம், இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள ப்ரெவாலியேவுக்கும், 1927இல் ட்செலியேவுக்கும் இடம்பெயர்ந்தது. 1920 அக்டோபர் 10 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் தெற்குக் கரிந்தியா ஆஸ்திரியாவோடு இருக்க முடிவுசெய்ததால், பிறந்த ஊர் வெளிநாடாகிவிட்டது.

இத்தாலியின் வசம் போன மேற்குப் பகுதியில் நிலைமை இன்னும் கடுமை. 1923இன் கல்விச் சீர்திருத்தம் அங்கு ஸ்லோவேனிய வழிக் கல்வியைப் படிப்படியாக ஒழித்தது. அதே காலத்தில் அப்பகுதியின் கொரீட்சா நகரில் தனியாக ஒரு மொஹோரியேவா சங்கம் உருவானது. சமய அமைப்பு என்ற பெயரில் அது பிழைத்திருந்ததால், பள்ளியில் தாய்மொழியை இழந்த பிள்ளைகளுக்கு அதன் நூல்கள் வாசிப்புப் பயிற்சியாக அமைந்தன. 1860இல் வளர்ச்சிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் உயிர்காப்பாக மாறியது. 1941இல் ட்செலியேவை நாஜிப் படைகள் கைப்பற்றியபோது அந்தக் கவசமும் உதவவில்லை; சொத்துகள் பறிக்கப்பட்டன.

போருக்குப் பின் பள்ளிப் பாடநூல்களும் சிறுவர் நூல்களும் 1945இல் லியுப்லியானாவில் தொடங்கப்பட்ட அரசுப் பதிப்பகங்களின் கைக்குச் சென்றன. ஆயினும் ட்செலியே, கிளாகன்ஃபூர்ட், கொரீட்சா ஆகிய மூன்று ஊர்களிலும், மூன்று நாடுகளில், மொஹோரியேவா என்ற பெயரில் இன்றும் பதிப்பகங்கள் இயங்குகின்றன.

ஏடுதேடி

மூவருக்கும் நன்றி. பங்குவாரியான பெயர்ப்பட்டியலைப் பார்க்க இயலுமா? ஊர்வாரியாக எண்ணிக்கை எப்படிப் பரவியது என்று அறிய விரும்புகிறேன்.

கல்லச்சு

இயலும். ஸ்லோவேனிய மின்னூலகத்தில் பழைய பஞ்சாங்க மலர்கள் வருடப்பட்டு வைக்கப்பட்டுள்ளன; பட்டியல்களை அவற்றிலேயே காணலாம். 1860களின் மலர் ஒன்றையும் 1910களின் மலர் ஒன்றையும் எடுத்து, ஒரே மறைமாவட்டத்தை ஒப்பிடுவதிலிருந்து தொடங்குங்கள். ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் இடைக்காலத்தில் மாறியிருக்கும் என்பதால், பழைய நிலப்படம் ஒன்றையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.