டாக்டருக்குப் படித்தவர் அரசியலுக்குப் போனால் படிப்பு வீணா? தருமபுரி எம்.பி.க்களை வைத்து ஒரு கேள்வி

பென்னாகரம் ஆசிரியை:
வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நம்பி நீட் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவி ஒருத்தி, மருத்துவம் முடித்ததும் அரசியலுக்குப் போகப் போவதாக உறுதியாகச் சொல்கிறாள். "ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சீட்டை வீணாக்கவா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். 2014 முதல் 2024 வரை நம் தொகுதிக்கு அடுத்தடுத்து இரண்டு மருத்துவர்கள், முதலில் அன்புமணி இராமதாசும் பிறகு செந்தில்குமாரும், எம்.பி.க்களாக இருந்தார்கள். அவர்களில் மத்திய சுகாதார அமைச்சராகவும் இருந்த அன்புமணிக்கு, படித்த மருத்துவம் எங்கே உண்மையாகக் கைகொடுத்தது? கட்சி பார்க்காமல் சொல்லுங்கள்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:
அம்மா, அவர் அமைச்சராக இருந்த காலம் முழுவதும் நான் பணியில் இருந்தவன் என்பதால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, திண்டிவனம் அருகே நல்லாளத்தில் சிறிது காலம் வைத்தியம் பார்த்தவர், 2004 மே மாதம் அமைச்சரானபோது அவருக்கு வயது 35. தந்தை தொடங்கிய கட்சி ஆறு எம்.பி.க்களோடு கூட்டணியில் இருந்ததால் கிடைத்த பதவி அது. அதை மறைத்துவிட்டு மாணவியிடம் பேசக் கூடாது.

ஆனால் பதவியில் அமர்ந்த பிறகு நடந்தவை வேறு கணக்கு. 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியது. அதற்கு முன் ஒரு துணை சுகாதார நிலையத்தில் குழாய் உடைந்தாலும், பிரசவ அறைக்குத் திரைச்சீலை வேண்டுமென்றாலும், கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம். இயக்கம் வந்ததும், கிராம சுகாதார செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வந்தது. உடைந்ததை அந்த வாரமே சரிசெய்தோம். தொகை சிறியது, ஆனால் முடிவெடுக்கும் உரிமை முதன்முறையாக அந்தச் செவிலியரின் கைக்கு வந்தது. 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்சுக்கும் இந்த இயக்கத்தின் நிதி உதவியது. அதற்குரிய பெருமையில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு.

புகையிலை விஷயத்தில்தான் அவருக்குள் இருந்த மருத்துவரை நான் தெளிவாகப் பார்த்தேன். சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனால் பொது இடங்களில் புகைபிடிப்பதற்கான தடையைக் கடுமையான விதிகளாக்கி 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அவர் காலத்தில். 200 ரூபாய் அபராத ரசீதுப் புத்தகத்தோடு பேருந்து நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது முதலில் தகராறுதான். சில மாதங்களில், எங்களைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு வெளியே போகப் பழகிக்கொண்டார்கள்.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும். எய்ம்ஸ் இயக்குநர் வேணுகோபாலுடன் ஏற்பட்ட மோதலில், இயக்குநரின் ஓய்வு வயதை 65 என்று நிர்ணயித்து 2007-இல் சட்டமே திருத்தப்பட்டது. அது ஒரு தனிமனிதரைக் குறிவைத்தது என்று 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ரத்து செய்தது. மருத்துவம் படித்திருப்பதால் மட்டும் ஒருவருக்கு நிர்வாக நிதானம் வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதே ஆண்டு மெக்சிகோவில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில், ஓரினச் சேர்க்கையை அப்போது குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு நோய்த் தடுப்புக்கு இடையூறாக இருப்பதாக, உள்துறையின் நிலைக்கு எதிராகவே அவர் பேசினார். அங்கே பேசியது மருத்துவர்.

எம்.பி. பதவியை இதோடு ஒப்பிடக் கூடாது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் அதிகாரத்தில், உள்ளவை. 1970-க்குப் பிறகு அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவரும் எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. அதனால்தான் அமைச்சராக நாடு முழுவதற்கும் விதி வகுத்த அன்புமணி, 2014-இல் தருமபுரியில் வென்ற பிறகு மொரப்பூர் ரயில் பாதைக்காகத் திரும்பத் திரும்பக் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது. 2019-இல் அவரைத் தோற்கடித்த செந்தில்குமாரும் ரேடியாலஜி மருத்துவர்தான், அவருக்கும் அதே எல்லைகள்தான். வாக்காளர்கள் இருவரிடமும் கேட்டது தண்ணீர், ரயில், வேலை.

காரிமங்கலம் வாசகி:
தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும் தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடு செய்த வேலை அது. கறைபட்ட பல்லை மருத்துவரால் பழையபடி ஆக்க முடியாது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால்தான் அடுத்த பிள்ளைகளுக்கு நல்ல பல் வாய்க்கிறது. அந்தத் திட்டத்தை அரசியல்தான் கொண்டுவந்தது. உங்கள் மாணவி அரசியலை நினைப்பதில் தவறே இல்லை, டீச்சர்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:
நடைமுறை விஷயம் ஒன்று. அரசு மருத்துவராகச் சேர்ந்தால் நடத்தை விதிகளின்படி கட்சியில் உறுப்பினராகவோ தேர்தலில் போட்டியிடவோ முடியாது. பணியை விட்ட பிறகே முடியும். அதை முதலிலேயே தெரிந்துகொண்டு, எம்.பி.பி.எஸ். முடித்தபின் சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கச் சொல்லுங்கள். ஊர் ஊராகச் சென்று தண்ணீர், பிரசவம், தடுப்பூசி எல்லாவற்றையும் பார்க்க வைக்கும் படிப்பு அது. சில ஆண்டுகள் மலைக்கிராமங்களில் வேலை பார்த்துவிட்டு அவள் போட்டியிட வந்தால், என் வாக்கு நிச்சயம் அவளுக்குத்தான்.