பரப்பளவு 2100, மின்தேக்கம் 32 தான்: கரியிலா கோளாறு?

கரித்தூள்:
சூப்பர் கெப்பாசிட்டர் (மீமின்தேக்கி) மின்முனை செய்கிறேன். கொட்டாங்குச்சிக் கரி 1, கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) 3 எடை விகிதம். நைட்ரஜன் ஓட்டத்தில் 800 டிகிரி, 1 மணி நேரம். பிஇடி (வாயு ஒட்டலால் அளக்கும்) பரப்பளவு கிராமுக்கு 2100 சதுர மீட்டர். கரி, கார்பன் பிளாக், பிவிடிஎஃப் (ஒட்டவைக்கும் பைண்டர்) 80:10:10. என்எம்பி கரைப்பானில் ஸ்லரி (குழம்பு) ஆக்கி நிக்கல் ஃபோமில் (துளைகள் நிறைந்த நிக்கல் தகடு) பூசி, 60 டிகிரியில் 3 மணி நேரம் உலர்த்தினேன். மின்முனை ஒன்றுக்குக் கரி 3 மி.கி. 6 மோலார் கேஓஎச், சமச்சீர் செல் (இரு மின்முனையும் ஒன்றே), 0–1 வோல்ட். 6 மி.ஆம்பியரில் 32 நொடியில் டிஸ்சார்ஜ் முடிகிறது. ஆக, கிராமுக்கு 32 ஃபாரட். கட்டுரைகளில் 200 என்கிறார்கள். டிஸ்சார்ஜ் தொடங்கியதுமே 0.3 வோல்ட் விழுகிறது. கேஓஎச்சைக் கூட்டி மறுபடி சுடவா?

நிக்கல்வலை:
சுடாதீர்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். சட்டென விழுந்த 0.3ஐக் கழித்தால் மிச்சம் 0.7 வோல்ட். 6 மி.ஆ. × 32 ÷ (6 மி.கி. × 0.7) = 45.7. இது செல்லின் மதிப்பு. தொடரில் இரண்டு தேக்கி இருப்பதால் தேக்கம் பாதி, எடையோ இரட்டிப்பு. ஒற்றை மின்முனைக்கு 4ஆல் பெருக்க வேண்டும். 183 வரும். கட்டுரைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வது இந்த எண்ணைத்தான்.

உண்மையான கோளாறு அந்த 0.3 வோல்ட். மின்னோட்டம் +6இலிருந்து −6க்குப் புரள்வதால் 12 மி.ஆ.வால் வகுங்கள்: 25 ஓம். 6 மோலார் கேஓஎச் நல்ல கடத்தி, அதில் இவ்வளவு வராது. ஃபோமின் ஆக்சைடு தோலும் பைண்டரும்தான் சந்தேகம். ஃபோமை 3 மோலார் எச்சிஎல்லில் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) 10 நிமிடம் சோனிகேட் செய்து (மீயொலியால் கழுவி), தண்ணீர், எத்தனாலில் அலசுங்கள். பூசிய பின் 10 மெகாபாஸ்கல் அழுத்தம், 1 நிமிடம். 60 டிகிரியில் என்எம்பி முழுசாகப் போகாது.

பிசின்:
பிவிடிஎஃப்பை விடுங்கள். அடர்ந்த காரத்தில் எச்எஃப் (ஹைட்ரஜன் ஃபுளோரைடு) இழந்து பழுப்பேறும், பூச்சு உரியும். பிடிஎஃப்இ (டெஃப்ளான்) 60% டிஸ்பெர்ஷனைக் கரியோடு எத்தனாலில் கலந்து மாவாகப் பிசைந்து தேய்த்து ஒட்டுங்கள்; திடப்பொருளில் பிடிஎஃப்இ 5% போதும். மின்முனையைக் கரைசலில் அமிழ்த்தி வெற்றிடத்தில் வைத்தால் நுண்துளைக்குள் நீர் ஏறும்.

இன்னொன்று: 760 டிகிரிக்கு மேல் பொட்டாசியம் ஆவியாகிக் குழாயின் குளிர்ந்த முனையில் படியும். நைட்ரஜனிலேயே முழுசாக ஆறவிடுங்கள். திறந்ததும் தண்ணீர் ஊற்றினால் தீப்பிடிக்கும்.

கரித்தூள்:
ஃபோம் கழுவி, பிடிஎஃப்இ போட்டாயிற்று. அதே கரி, அதே எடை, அதே 6 மி.ஆ. வீழ்ச்சி 0.04 வோல்ட், 46 நொடி. மின்முனைக்கு 192 ஃபாரட்.

நிக்கல்வலை:
3.3 ஓம். இன்னும் இறங்கும். ஃபோம் வழியே கேஓஎச் ஏறி முதலைக் கிளிப் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள்.